யாருங்க அந்த ஜூலியட்டு?

இந்த முறை அரும்பாவூருக்குப் போவதே இல்லை என்று தீர்மானித்துவிட்டேன். அங்கே மச்சான் அன்பழகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். மாமனார் வீட்டு விசேஷம் என்றால் மற்ற மாப்பிள்ளைகள் பந்தியில் உட்காருவார்கள். நான் சாம்பார் வாளியோடு நிற்பேன். கல்யாணமானதிலிருந்து இதே கதை. மனிதனுக்கு ரோஷம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்று மனைவி செங்கமலத்திடம் சொல்லிவிட்டேன். உண்மையில், நண்பன் வீரமணியின் ஜீப்பில் கல்லணைக்குப் போய் மீன் வறுவல் தின்பதாகத் திட்டம். அவனிடம் அதைச் சொல்வதில்தான் சிக்கல். அரியலூரில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்த புதிது. அது கூடத்தில் இருந்தது. கூடத்தில் முணுமுணுத்தாலும் அடுப்படியில் செங்கமலத்துக்குக் கேட்கும். மிக்ஸி ஓடினாலும் கேட்கும்.

நானும் வீரமணியும் சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீஸில் வேலை பார்த்தோம். வாக்கிடாக்கியில் எழுத்து குழம்பாமலிருக்க எங்களுக்கு ஒரு பாஷை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏ என்றால் ஆல்ஃபா, ஜே என்றால் ஜூலியட், கே என்றால் கிலோ. உலகம் பூராவும் விமானம் ஓட்டுகிறவர்கள் பேசுவது. ஆகாயத்துப் பாஷை அடுப்படிக்கு எப்படிப் புரியும்? தைரியமாகப் போனை எடுத்தேன்.

"வீரமணி, ஞாயித்துக்கிழமை காலைல ஜூலியட்டோட வந்துரு. நேரா கிலோவுக்குப் போறோம்."

"ரோஜர்ணே!" என்றான். புரிந்ததாம்.

ஜீப்பும் கல்லணையும் இப்படிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கரண்டியோடு செங்கமலம்.

"யாருங்க அந்த ஜூலியட்டு?"

"அது... ஆபீஸ் விஷயம்."

"டூட்டிக்கு ஜூலியட்டு எதுக்கு? எத்தனை கிலோவாம் அவ?"

"அய்யோ, கிலோ எடையில்ல, ஊரு!"

"ஓ, ஊருக்கு வேற கூட்டிட்டுப் போறீங்களா?"

பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். முந்தானை கண்ணுக்குப் போனது.

"எங்கண்ணன் வூட்டுல பால் காய்ச்சுறப்ப, வந்த சனத்துக்கு முன்னாடி சொல்லத்தான் போறேன்!"

மச்சான் அதிகம் பேசமாட்டார். அவர் கை பேசும்.

"சத்தியமா அவ பொம்பளையே இல்ல, செங்கமலம். ஜீப்பு! வீரமணி ஜீப்பு!"

"ஜீப்புல எவ?"

"எவளும் இல்ல! கல்லணைக்குப் போயி மீன் வறுவல் திங்கலாம்னு... உங்கண்ணன் வூட்டுல இன்னொரு வாட்டி சாம்பார் வாளி தூக்க என்னால முடியாதுடி!"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முந்தானை மெல்லக் கீழே இறங்கியது. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஆல்ஃபா, பிராவோன்னு குளிக்கிறப்ப கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணீங்களே, தெருவுக்கே அது பாடம். ஜூலியட்டுன்னா ஜேன்னு எனக்குத் தெரியும். எதுக்கு ஜேங்கிறதுதான் தெரியல. இப்பத் தெரிஞ்சிருச்சு."

எழுந்து போய்ப் போனை எடுத்தாள்.

"வீரமணி தம்பி, அக்கா பேசுறேன். ஞாயித்துக்கிழமை கிலோ வேணாம். ஜூலியட்ட எடுத்துக்கிட்டு வந்துருங்க, ஆல்ஃபாவுக்குப் போறோம். ஆமா, அரும்பாவூருதான். உங்களுக்குத் தலைவாழை இலையில சாப்பாடு."

"ரோஜர்க்கா!" என்று அந்தத் துரோகி கத்தியது எனக்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிதுங்கியது. அவள் சித்தி, பெரியம்மா, சீர்த்தட்டுகள், ஒரு குத்துவிளக்கு. குத்துவிளக்குக்கு முன்சீட்டு கிடைத்தது. எனக்குப் பெரம்பலூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தது.