முந்தக்கூடாத வண்டி

ஒரு காட்டில் பந்தயத் திடல் ஒன்றுதான் இருந்தது. பந்தயக் கட்சிகளோ இரண்டு. புலிக்குப் பயந்து ஓடும் மான்கள்கூட, ஓடிக்கொண்டே எந்தப் பந்தயம் உசத்தி என்று சண்டை போடும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

சிறுத்தை மின்னலழகனுடையது வளைவுப் பந்தயம். வண்டி ஒல்லி. தடம் இடமும் வலமுமாக நெளியும். பக்கத்து வண்டியை லேசாக உரசினாலே தண்டனை. காட்டுப்பன்றி முட்டுச்சாமியுடையது வட்டப் பந்தயம். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் மட்டும் திரும்பினால் போதும். முன்னால் போகிற வண்டியைப் பின்னாலிருந்து முட்டுவதுதான் அங்கே வணக்கம் சொல்லும் முறை.

"அது பந்தயமா? கல்யாண ஊர்வலம்!" என்று உறுமும் பன்றி.

"உங்களுது என்னவாம்? திருவிழா ராட்டினம்!" என்று மீசையை நீவும் சிறுத்தை.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரே ஒரு வேலையாள் உண்டு. அது ஆமை கெட்டிமுதுகன். விபத்து நடந்தால் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பு வண்டியைத் தடத்துக்குள் ஓட்டி வரும். தடம் சுத்தம் என்று அது விளக்கை அணைக்கும்வரை யாரும் அதை முந்தக்கூடாது. இந்த விதியில் மட்டும் இரு கட்சிக்கும் சண்டையே இல்லை. அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கும்போதுதான் கெட்டிமுதுகனுக்குத் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பு வரும்.

திடலைக் குத்தகைக்கு எடுத்திருந்த நரி விளம்பரநாயகம் ஒருநாள் முரசு அறைந்தது. பாதித் தடம் வட்டம், பாதித் தடம் வளைவு. ஜெயிக்கிற கட்சிக்குத் திடல். தோற்கிற கட்சிக்குப் பூட்டு.

கெட்டிமுதுகன் பதறிப்போய்ச் சிறுத்தையிடம் போனது. "நாங்க ஜெயிச்சா தடம் பூரா தானா எரியற விளக்கு வெச்சிடுவோம். அப்புறம் நீங்க எதுக்குண்ணே?" என்றது சிறுத்தை.

பன்றியிடம் போனது. "மோதுறதுதான்யா பந்தயமே! அதை நிறுத்த ஒரு வண்டியா? பேசாம வீட்டுக்குப் போ."

யார் ஜெயித்தாலும் வேலை போகும்.

பந்தயம் தொடங்கியது. முதல் வலது வளைவு வந்ததும் பன்றி பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திருப்பி, நேரே சிறுத்தையின் வண்டியில் போய்ச் சாத்தியது. சிறுத்தையோ ஓட்டுவதை விட்டுவிட்டு, தண்டனை கொடுங்கள் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. தடம் முழுக்கத் தகரமும் கண்ணாடியும் சிதறின.

மஞ்சள் விளக்கு எரிந்தது. நசுங்கிய வண்டிகள் இரண்டும் ஆமையின் பின்னால் வரிசையில் வந்தன. வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள் சட்டென்று தடத்தைப் பெருக்கி முடித்தன. ஒரே ஒரு திருகாணி மட்டும் மிச்சம். கெட்டிமுதுகன் இறங்கி அதை எடுத்து ஓட்டுக்குள் செருகிக்கொண்டது.

"இன்னும் ஏதாவது கிடக்கலாம்" என்றது.

அடுத்த சுற்றும் அதையே சொன்னது. அதற்கடுத்த சுற்றும். திருகாணியை ஓட்டுக்குள் வைத்துக்கொண்டே தடமெங்கும் தேடியது. கூட்டம் ஊளையிட்டது. பின்னால் சிறுத்தை பல்லைக் கடித்தது, பன்றி ஹாரனை அலறவிட்டது. ஆனாலும் முந்த ஒருவருக்கும் தைரியம் இல்லை. விதி விதிதானே! கடைசிக் கோட்டை முதலில் தாண்டியது ஆமைதான்.

நரி துள்ளிக் குதித்து ஓடி வந்தது. "வண்டி மேல இருக்கற விளம்பரத்தை ஜனங்க இன்னிக்குத்தான் முழுசாப் படிச்சிருக்காங்க! இனிமே இதான் பந்தயம்!"

அன்றே இரு கட்சியையும் பூட்டிவிட்டு மெதுவோட்டம் என்று புதுப் பலகை மாட்டியது. சிறுத்தையும் பன்றியும் வெட்கமில்லாமல் அதிலேயே சேர்ந்துகொண்டு, தங்களில் யார் அதிக மெதுவு என்று சண்டையைத் தொடர்ந்தன.

மாலை கிடைக்கும் என்று கெட்டிமுதுகன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாம் உங்க புண்ணியம்ண்ணே" என்று நரி கும்பிட்டது. "ஆனா பாருங்க, இந்த வேகத்துல யாரும் மோதவே மாட்டாங்க. இனிமே உங்க வண்டி எதுக்கு?"

ஆமை முதல் மெதுவோட்டத்தன்று வலது வளைவுக்கு நடந்து போனது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓட்டுக்குள்ளிருந்து திருகாணியை எடுத்து, கூர் மேலே இருக்கும்படி தடத்தில் நட்டது. பிறகு தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மஞ்சள் விளக்கைப் பளபளவென்று துடைக்கத் தொடங்கியது.

நீதி: பாதுகாப்பு வேலையில் நிலைத்திருக்க விரும்புகிறவர்கள் ஆபத்தை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.