ஐஸ் பெட்டிமேல் இரண்டு ரத்தக் குப்பிகள்

அன்புள்ள மைத்துனருக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு சொல்தான் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் அப்பாவோடு நாம் கடலுக்குப் போன காலம் நினைவிருக்கிறதா? காலில் மீன்முள் ஏறினால் உப்புத்தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு வலையை இழுப்போம். படகு தள்ளும்போது நோய்ப் பேச்சு எடுத்தால் அபசகுனம் என்று, காய்ச்சலில் கொதிக்கிறவனும் "லேசா குளிருது" என்பான். சுகமான காலமப்பா. இப்போது கரையில் எவனும் மீன் நிலவரம் பேசுவதில்லை. "எனக்கு நூத்தி நாப்பது, உனக்கு எத்தனை?" என்று பிரஷர் பேச்சுத்தான்.

போன வாரம் ஏலக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இருந்தால் படகில் ஏற்றமாட்டேன் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். உன் அக்காவும் என்கூட வந்து ரத்தம் கொடுத்தாள். நர்ஸம்மா குப்பிகளில் பெயர்ச்சீட்டை ரப்பர் பேண்டு போட்டு ஐஸ் பெட்டிமேல் வைத்திருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, என் சீட்டை உன் அக்கா குப்பிக்கும் அவள் சீட்டை என் குப்பிக்கும் மாற்றிவிட்டேன். குருவி மாதிரி கொறிக்கிறவள், அவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது?

வந்துவிட்டது, மச்சான். என் பெயரில் முந்நூற்றுப் பத்து. அவள் பெயரில் ஒரு குறையும் இல்லை. படகு போச்சு, அது போகட்டும். உங்கள் அப்பா காலில் ஆறாமலே கிடந்த புண்ணை "உப்புத்தண்ணி பாத்துக்கும்" என்று சிரித்தோமே, அவர் அதோடுதானே போய்ச் சேர்ந்தார்? அந்தச் சர்க்கரை இப்போது அவர் மகளுக்கும், உன் அக்காவுக்கும், வந்திருக்கிறது; எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். எனக்குக் கொடுத்த மாத்திரையை நான் விழுங்கவும் முடியவில்லை, அவளுக்குக் கொடுக்கவும் முடியவில்லை. "நீயும் என்கூட பத்தியம் இரேன்" என்றேன். "சரிங்க" என்றாள். முப்பது வருஷத்தில் மறுபேச்சு இல்லாமல் அவள் சரி சொன்னது இதுதான் முதல் தடவை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ உடனே புறப்பட்டு வந்து அவளிடம் பக்குவமாகச் சொல்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடல் அமைதியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கரையில் கட்டிப்போடப்பட்ட உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "உங்களுக்கு முன்னாடியே நான் சீட்டை மாத்தி வச்சுட்டேனே. கடலுக்குப் போகலேன்னா நீங்க நொடிஞ்சு போயிருவீங்கன்னுதான்" என்றாள். ஆக, அவள் மாற்றிய சீட்டை நான் பழைய குப்பிக்கே திருப்பியிருக்கிறேன், சர்க்கரை எனக்குத்தான். அவளோ தனக்கென்று நினைத்து, வாய் திறக்காமல் இத்தனை நாளும் பத்தியம் இருந்திருக்கிறாள். நீ வர வேண்டாம். அவளுக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டு நானே டீ கலந்து கொடுத்தேன். பிறகு என் மாத்திரையை விழுங்கினேன். இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் விழுங்கியதில்லை, மச்சான்.