முழங்கால் மானேஜர்

கல்முனையில் ஆளின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து ஸலாம் சொல்கிற ஒரே மனிதர் எங்கள் முழங்கால் மானேஜர்தான். அவருக்கு ஆளின் பெயர் மறந்துபோகும். எந்தக் காலை இழுத்து நடக்கிறவர் என்பது மட்டும் மறக்காது.

முன்பு என்னோடு வங்கியில் இருந்த அசல் மானேஜர் அவர். கார், ஏசி அறை எல்லாம் இருந்தன. உட்கார்ந்தே இடுப்பு நாரி பிடித்துக்கொண்டதில் ஆஸ்பத்திரிப் பிசியோதெரபி அறைக்குப் போனார். சுகமான பிறகும் போய்க்கொண்டேயிருந்தார். ஏனென்று கேட்டேன்.

"மச்சான், அங்க சக்கர நாற்காலியில வந்த மனுசன் நடந்து போறாரு. நம்மட பேங்குக்கு நடந்து வாறவன்தான் கடன்ல விழுந்துபோறான்."

கொஞ்ச நாளில் வேலையை விட்டார். காரை விற்றார். கொழும்புக்குப் போய், தன் மருமக்கள் வயதுப் பிள்ளைகளோடு பிசியோதெரபி படித்துத் திரும்பினார். ஊர் உடனே பட்டம் சூட்டிவிட்டது.

ஒரு கலியாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை நடந்து வந்தார். இவர் கையைச் சோற்றில் வைத்தபடி, "மாப்பிள்ளைக்கி இடது கால் சரியில்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பெண்ணின் உம்மாவுக்குக் கேட்டுவிட்டது. சாப்பாடு பாதியில் நின்றது. இவர் எழும்பிப் போய் மாப்பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சைஸ் சின்னது. கலியாணம் தப்பியது. இவருக்கு மட்டும் கடைசி இனிப்பான வட்டிலப்பம் கிடைக்கவில்லை.

வாடகைக்கு ஒரு அறை எடுத்துத் தொடங்கிய தொழிலும் இப்படித்தான். சொன்ன பயிற்சியை வீட்டில் ஒழுங்காகச் செய்து வருகிறவர்களுக்குக் கட்டணம் பாதி. இதைக் கேட்ட ஊர் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது. எல்லாருக்கும் சீக்கிரம் சுகமாகிவிட்டது. பிறகு எவர் வருவார்?

"சுகமானவங்க திரும்பி வாறல்லியே! அறை வாடகைய யாரு குடுக்கிற?" என்றா அவருடைய மனைவி. பள்ளிக்கூட டீச்சர். வீடு அவ சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவ முகத்தைப் பார்க்க முடியாமல், ஒரு நிதி நிறுவனத்தில் மானேஜர் வேலைக்கு நேர்முகம் ஒழுங்கு செய்து, நானே கூட்டிப்போனேன். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, இரவெல்லாம் வாகனத்தில் உட்கார்ந்து வந்து கழுத்து பிடித்துப்போய் இருந்தார். நான் வெளியே காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. கதவை மெல்லத் திறந்தால், அதிகாரி சுவரைப் பார்த்தபடி முகவாய் நாடியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மூச்சப் பிடிக்காதீங்க சேர்" என்றார் எங்கள் ஆள்.

வெளியே வந்த அதிகாரி கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, "எப்ப வேலைக்கு வாறீங்க?" என்றார். பழைய சம்பளத்தை விடக் கூட. "நாளைக்குச் சொல்றன் சேர்" என்றுவிட்டு இவர் என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். காரைதீவில் ஒரு வீட்டுக்கு முன்னால் நிற்பாட்டச் சொன்னார்.

பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, இவரிடம் பயிற்சி எடுக்கும் அக்கா ஒருவரின் வீடு அது. எங்களைக் கண்டதும் அக்கா கதிரையைப் பிடித்து எழும்பினா. பிடியை விட்டா. மகள் ஓடிவந்தா.

"நீ இரு பிள்ள. தம்பிக்கு நான்தான் தேத்தண்ணி போடுவன்."

குசினிக்குப் போய் வர நெடுநேரம் எடுத்தது. கோப்பையில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மீதியை இவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வெளியே வந்து கண்ணைத் துடைத்தார்.

"மச்சான், அந்த சேருக்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

நான் பயந்து பயந்து டீச்சரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றா. மறுநாளே பள்ளிக்கூடம் விட்ட கையோடு கட்டணம் வாங்க அறை வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டா. பாதிக் கட்டணம் ஒழிந்தது. வாடகை ஒழுங்காகப் போகிறது. காரும் ஏசியும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் கதைத்து நான் கேட்டதில்லை.

எனக்கு உடம்பில் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போய் அவரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். டீச்சர் என்னிடமும் கட்டணம் கேட்கிறா. கொடுத்துவிடுகிறேன்.