நல்ல கால் செய்த துரோகம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

கல்வி அலுவலகத்தில் இருக்கும் நீங்கள் எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரே ஒரு போன் போட்டால் போதும், என் மானம் பிழைக்கும். ஒன்பது மாதத்துக்கு முன் நீளம் தாண்டுதலில் எப்படி இறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். மிகச் சரியாகச் செய்துவிட்டேன். ஜவ்வு அறுந்தது, தொடையிலிருந்து தசைநார் எடுத்து முழங்காலில் கட்டினார்கள், நானும் வேளை தவறாமல் பயிற்சி செய்தேன். அதற்குள் என் விசிலைக் கணக்கு வாத்தியார் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மனிதர் மைதானத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், விசிலை அனுமதி கேட்பதுபோல் ஊதுகிறார், மழை வந்தால் மட்டும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறது. இன்னும் மூன்று வாரத்தில் விளையாட்டு விழா. பிசியோதெரபி டாக்டரம்மா 'கால் தேறிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தால்தான் விசில் எனக்கு, இல்லாவிட்டால் இந்த வருடம் குடைதான் விழாவை நடத்தும்.

போன மாதம் முதல் சோதனை. முதலில் கேள்வித்தாள். மாடிப்படி இறங்கச் சிரமமா என்று கேட்டார்கள், துளியும் இல்லை என்றேன். கூட வந்த உங்கள் தங்கை, "எங்க வீட்டுல மாடியே கிடையாதுங்க" என்றாள். குனிந்து நிமிர முடிகிறதா என்றார்கள், தாராளமாக என்றேன். "ரிமோட் கீழ விழுந்தா அடுப்படியில இருக்கிற என்னைத்தான் கூப்பிடுறாரு." மச்சான், தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் வீட்டு வளர்ப்பில் உண்மை கொஞ்சம் தூக்கல். அப்புறம் நொண்டியடிக்கச் சொன்னார்கள். இருபது வருடம் ஊரார் பிள்ளைகளை நொண்டியடிக்க வைத்தவனை அந்த டாக்டரம்மா, ஒரு சின்னப் பெண், டேப்பும் கையுமாக நின்று நொண்டியடிக்க வைத்தாள். நல்ல கால் நூற்றைம்பது சென்டிமீட்டர் தாவியது, ஆபரேஷன் கால் தொண்ணூற்றாறு. நல்ல காலில் தொண்ணூறு சதவீதம் வந்தால்தான் பாஸாம், எனக்கு அறுபத்து நாலுதான். ஃபெயில்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புலம்பினேன். கணக்கு வாத்தியார் குடையை மடக்கி வைத்துவிட்டுக் காகிதத்தில் என்னவோ போட்டுப் பார்த்தார். "சார், மேல இருக்குற நம்பரக் கூட்ட முடியலன்னா கீழ இருக்குறதக் குறைங்க. நல்ல கால எவன் தாவச் சொன்னான்?" என்றார். ஆஹா, படித்தவன் படித்தவன்தான்! பாடத்தில் இவ்வளவு அக்கறையாக அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. பதினைந்து நாள் சாயங்காலம் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல காலால் முக்கி முனகிக் குறைவாகத் தாவப் பயிற்சி எடுத்தேன். அவர் ஸ்கேல் பிடித்தார்.

நேற்று இரண்டாம் சோதனை. ஆபரேஷன் கால் அதே தொண்ணூற்றாறு. நல்ல கால் கச்சிதமாக நூறு. தொண்ணூற்றாறு சதவீதம்! நான் கையை நீட்டினேன், சான்றிதழுக்காக. அந்தப் பெண் பழைய தாளை எடுத்தாள், புதிய தாளைப் பார்த்தாள், முகத்தில் சிரிப்பே இல்லை. "சார், ஆபரேஷன் பண்ண கால் பரவாயில்ல. ஒரே மாசத்துல நல்ல கால்தான் ரொம்ப மோசமாயிடுச்சு. அதுக்கு ஆறு வாரம் பயிற்சி எழுதித் தரேன்" என்றாள். உங்கள் தங்கை வீடு வரும்வரை ஆட்டோவில் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். ஒரு குற்றமும் செய்யாத காலுக்கு இப்போது தினமும் இரண்டு வேளை தண்டனை.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். சதவீதம் வந்துவிட்டது. நல்ல கால் நன்றாக இருக்க வேண்டுமென்று எந்த விதியிலும் இல்லை. என் முழங்கால் எதற்கும் தயார் என்று தலைமையாசிரியையிடம் நாளைக்கே சொல்லி, அந்த விசிலை வாங்கித் தாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், முடிந்தால் கணக்கைத் தவிர மற்றதை.

இப்படிக்கு,
இரண்டு காலிலும் நிற்கும் உங்கள் தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தைப் பெட்டியில் போடப் போனவன் திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தெருமுனையில் சாக்கடைக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். ஒன்றரை அடி அகலம் இருந்தால் அதிகம். அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். வலி கொஞ்சமும் இல்லை. கால் எழவில்லை. பயம், மச்சான். ஆஸ்பத்திரியில் விழுந்தால் பிடிக்க அந்தப் பெண் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், இங்கே யாரும் இல்லை. சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைமையாசிரியைக்குப் போன் போட வேண்டாம், விசில் கணக்கு வாத்தியாரிடமே இருக்கட்டும். போன வருடம் உயரம் தாண்டுதலில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குச்சிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். "கால் வலிக்கல சார், பயமா இருக்கு" என்றாள். வலி என்று பொய் சொல்லியிருந்தால் உட்கார விட்டிருப்பேன். மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டேன்.