நானே மாட்டுகிறேன்

பதினோரு வருடங்களாக எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். வெளியே சொல்லிவிடாதீர்கள். அலுவலகத்தில் என் கையெழுத்துக்காக இருபது பேர் காத்திருப்பார்கள். வீட்டில் என் கைக்காக இருபது பாத்திரங்கள் காத்திருக்கும். கையெழுத்தை நாளைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன். பாத்திரத்தைத் தள்ளிப்போட்டதே இல்லை.

போன மாதம் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். பாத்திரம் கழுவுகிற மெஷினை வாங்குவது. இந்த உத்தியோகத்தையே கை கழுவிவிடுவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெஷின் வந்து இறங்கியது. மாட்டித் தருவதற்கு ஆள் வர நான்கு நாளாகும் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர்கள் போய்விட்டார்கள். மனைவி போனை எடுத்தாள்.

"என் தம்பியைக் கூப்பிடறேன். அரை மணியில மாட்டிடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு மின்விசிறி, அழைப்புமணி, குளியலறைக் கதவு எல்லாம் மைத்துனன் மாட்டியவை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் என் தோளைத் தட்டி, "இவ்வளவுதான் மாமா" என்பான். அந்த 'இவ்வளவுதான்' வேலையைப் பற்றியா, என்னைப் பற்றியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அவன் எதுக்கு? நானே மாட்டறேன்."

"நீங்களா?"

"ஏன், நான் மாட்ட மாட்டேனா?"

"மாட்டுவீங்க. அதான் எனக்குப் பயம்."

"பந்தயம் வெச்சுக்கலாம். சாயங்காலத்துக்குள்ள நானே மாட்டிட்டா, இனிமே பாத்திரம் இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"மாட்டலைன்னா?"

"மெஷின்ல அடுக்கறது, எடுக்கறது, துடைக்கறது எல்லாம் ஆயுசுக்கும் நான்தான்."

அவள் ஒரு முழு விநாடி யோசித்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"கடைத்தெருவுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு வர்றேன்."

மெஷினோடு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே மெஷினை மாட்டுகிற படம் இருந்தது. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மெஷினின் முதுகில் இரண்டு குழாய்கள். ஒன்று தண்ணீர் வர, இன்னொன்று தண்ணீர் போக. எது எது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கண்ணை மூடி ஒன்றைத் தொட்டேன். சிங்க்கின் அடியில் படுத்து, ஒரு திருகைத் திருகினேன். இத்தனை வருடங்களாக மனைவிதான் எனக்குத் தண்ணி காட்டுவாள். அன்று குழாயும் காட்டியது. முகம், மூக்கு, காது என்று ஒரு இடம் பாக்கி இல்லை.

மூன்று துண்டுகள் நனைந்தன. மணி மூன்றானது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிளம்பருக்குப் போன் செய்தேன்.

வந்தவர் குனிந்து பார்த்தார்.

"தண்ணி போற குழாயை, வர்ற இடத்துல மாட்டியிருக்கீங்க சார்."

"அப்படியா?"

"மேல கயிறு வேற கட்டியிருக்கீங்க. ஓடிப்போயிடும்னு பயந்தீங்களா?"

மெஷினை மட்டம் பார்த்தார். நடுநடுவே என்னையும் மட்டம் தட்டினார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. நல்ல மனிதர். துடைப்பத்தைக் கேட்டு வாங்கி, தூசி தும்பு இல்லாமல் பெருக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அவரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் கரி பூசிக்கொண்டேன். ஸ்குரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். மெஷினைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

"நீங்களா மாட்டினீங்க?"

"பின்னே?"

"தனியாவா?"

"தன்னந்தனியா."

"அடேயப்பா! உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா!"

ஆள் இருந்தது வாஸ்தவம். உள்ளே இல்லை, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

அவள் எதிர்வீட்டுக்கு ஓடினாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, எதிர்வீட்டு அக்காவும் இதே மெஷினை வாங்கி, மாட்ட ஆள் இல்லாம வெச்சிருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"இப்பவே. அவங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு கத்துக்கணுமாம்."

"எனக்கு இடுப்பு..."

"படுத்துக்கிட்டுதானே மாட்டணும்?"

"ஸ்பேனர்..."

"அவங்ககிட்ட மூணு இருக்காம். மேல்வீட்டு டீச்சருக்கு நாளைக்கு மாட்டினா போதும்."

எதிர்வீட்டுக் கூடத்தில் புது சோபா போட்டிருக்கிறார்கள். அது மிதந்து மிதந்து படிக்கட்டில் இறங்குவது என் கண்முன்னே தெரிந்தது.

"நான் மாட்டலை. பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர்தான் மாட்டினார். என்னை விட்டுடு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்பாடா! நெஞ்சிலிருந்து அந்த மெஷினையே இறக்கிவைத்த மாதிரி இருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ சிரித்தாள்.

"அது வந்ததுமே தெரியும். நீங்க ஒரு ஆணி அடிச்சா நான் ரெண்டு நாள் பெருக்கணும். இங்க தரை பளபளன்னு இருக்கு."

"எதிர்வீட்டுக்கு?"

"உங்களுக்கு இடுப்புப் பிடிப்புன்னு சொல்லிடறேன். பந்தயம்?"

"தோத்துட்டேன். ஆயுசுக்கும் நானே அடுக்கறேன்."

மனசாரச் சொன்னேன். நன்றி கூடச் சொன்னேன். ஊர் சிரிக்காமல் காப்பாற்றியவளுக்காக நாலு தட்டு அடுக்கினால் குறைந்தா போய்விடுவேன்? அன்று சாப்பிட்டு முடித்ததும் சீட்டியடித்துக்கொண்டே அடுக்கினேன்.

மறுநாள் காலை, எதிர்வீட்டு அக்கா படிக்கட்டில் எதிரே வந்தார். அவசரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நேத்து உங்க மெஷினை மாட்ட வர முடியலை."

"எந்த மெஷின் தம்பி?"

"பாத்திரம் கழுவறது. நேத்து அவ வந்து உங்ககிட்ட பேசினாளே..."

"அவ தீப்பெட்டி வாங்கத்தானே வந்தா?" அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்களுக்கு எதுக்குத் தம்பி மெஷின்? அதான் எங்க வீட்டுக்காரர் இருக்காரே!"