சட்டையில் திரும்பி வந்த நீலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என் சட்டைகளைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்குப் பதில் சொல்ல அது அவசியம்.

போன முறை வந்தபோது உங்கள் ஆய்வகத் தூள் ஒரு புட்டியை இங்கே மறந்துவிட்டுப் போனீர்கள். கண்ணுக்கே தெரியாத நுண்துளைகள் நிறைந்த சிலிகேட் என்று நீங்கள் சாப்பாட்டு மேசையில் விளக்கியபோது, ‘உறிஞ்சும்’ என்ற சொல் வரைக்கும் கவனமாகத்தான் கேட்டேன். பிறகு தூக்கம் வந்துவிட்டது. புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போடுவார்களே, அந்தப் பொட்டலம் மாதிரி என்று நினைத்து, கைக்குட்டைகளில் முடிந்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே அலமாரியில் வைத்தேன். குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தலில் நிற்பவனுக்குச் சட்டை மொடமொடவென்று இருக்க வேண்டாமா? பிரச்சாரக் கூட்டத்தில் மேடையேறி, “தண்ணித் தொட்டியக் கழுவி எத்தனை மாசம் ஆச்சு? சுத்தம்னா என்னன்னு நான் காட்டுறேன்!” என்று இரண்டு கையையும் தூக்கினேன். என்னை எதிர்த்து நிற்கும் மேல்வீட்டுக்காரர் முன் வரிசையிலிருந்து, “சார், உங்க அக்குள்ல மை கொட்டியிருக்கு” என்றார். பார்த்தால், வியர்த்த இடமெல்லாம் கருநீலம்! வீட்டுக்கு ஓடினேன். உங்கள் மாமியார் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். நீலம் மாயமாய் மறைந்தது. சுடச்சுட மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, “பாருங்க, ஒரு கறையும் இல்ல” என்று மறுபடி கையைத் தூக்கினேன். அதற்குள் சட்டை ஆறியிருந்தது. நீலமும் திரும்பி வந்திருந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பை இன்னும் என் காது மறக்கவில்லை.

மகள் போனில், “அப்பா, அது ஆய்வகத்துலயே அயோடின உறிஞ்சி வெச்சிருந்த தூள், கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். கஞ்சியில பட்டு ஈரமானா நீலமாகும், சூட்டுல மறையும், ஆறினா திரும்ப வரும். அவர் அன்னிக்கே சொன்னாரே!” என்கிறாள். உறிஞ்சினால் உறிஞ்சியதோடு இருக்க வேண்டாமா மாப்பிள்ளை? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் குடும்பத்திலேயே கிடையாது.

மனசு விட்டுப் போய்விட்டது. எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட பதவி. போட்டியிலிருந்து விலகுகிறேன். மேல்வீட்டுக்காரரே ஆளட்டும், அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. மிச்சத் தூளைக் கொட்டிவிட்டேன். இனி இந்த வீட்டில் அதன் பேச்சையே எடுக்கக் கூடாது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், வெள்ளையாகவே இருக்கும் சட்டைகளோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கையைத் தூக்க முடியாத மாமனார்

பி.கு.: மேல்வீட்டுக்காரர் இப்போதுதான் வந்து போனார். கடைசிக் கூட்டத்துக்குக் கஞ்சி போட்டு வைத்த சட்டைகள் அலமாரி ஈரத்தில் தொய்ந்து போகின்றனவாம். “உங்களுக்கு ஏதாவது வழி தெரியுமா சார்?” என்று கேட்டார். நான் விலகவில்லை. இன்னொரு புட்டி உடனே அனுப்புங்கள், பெரியதாக. மகளுக்குத் தெரிய வேண்டாம்.