லிசியை நிறுத்த வேண்டாம் என்று கேட்டு

பாலக்கரை, திருச்சி.

மரியாதைக்குரிய அனுசுயா மேடம் அவர்களுக்கு, மாடிப் போர்ஷன் நசீரா எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் நானும் மகள் ஷாஜியாவும் சுகம். தாங்களும் தங்கள் குழந்தைகள் திட்ட ஆபீஸில் உள்ளவர்களும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

போன வாரம் தாங்கள் வீட்டுக்கு வந்து ஷாஜியாவைச் சோதித்துவிட்டு, "பாப்பா ஸ்கூலுக்கு ரெடிம்மா, இனிமே வீட்டுக்கு வந்து சொல்லிக்குடுக்க லிசி வரவேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது அவசர முடிவு என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தைக்கு இன்னும் ஒன்றுமே வரவில்லை. நேற்று பத்து வெங்காயத்தை எண்ணச் சொன்னேன், ஒன்பதோடு நிறுத்திவிட்டாள். ஒன்று அழுகல் என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினம் வீட்டுக் கணக்கு எழுதுகிற கை, பொய் எழுத வரமாட்டேன் என்கிறது. அப்புறம், பழக்கத்துக்காகப் பக்கத்து அங்கன்வாடியில் சிறிது நேரம் விட்டுப் பார்த்தேன். ஒரே அழுகை. அழுதது நான்தான் என்றாலும் அழுகை அழுகைதானே, மேடம்?

லிசி முதல் தடவை வந்தபோது, "பொம்மையெல்லாம் வாங்க வேணாம்க்கா, உங்க பாத்திர மூடியே போதும். என்ன வேலை செஞ்சாலும் அதை வாயால சொல்லிக்கிட்டே செய்ங்க, பாப்பாவுக்குப் பேச்சு வந்துடும்" என்றாள். அதுவரை இந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் வாய் திறக்கும். வீட்டுக்காரர் ஆசாத் சவூதியில், தம்மாமில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் போன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, மேடம், குழந்தைக்கு வந்ததோடு நிற்காமல் எனக்கும் வந்துவிட்டது. இப்போது அவள் தூங்கினாலும் நிற்பதில்லை. முந்தாநாள், "அம்மா இப்ப குழாயை மூடறேன், தண்ணி நின்னுடுச்சா?" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா குரல் கொடுத்தார்.

"நசீரா, யாரு வந்திருக்கா?"

"யாருமில்லக்கா."

"அப்ப யாருகிட்ட பேசுற?"

"குழாய்கிட்டக்கா."

"பள்ளிவாசல்ல ஓதின தண்ணி வாங்கிக் குடிம்மா" என்றார். வாங்கிக் குடித்தேன். ருசி ஒன்றும் வித்தியாசமில்லை. காந்தி மார்க்கெட்டில் ராசப்பன் கடையில், "இது நீளம், இது குட்டை" என்று பிரித்துக்கொண்டிருந்தேனாம். "பொறந்ததுலேர்ந்து முருங்கக்கா விக்கிறேன், எனக்கே பாடமாக்கா?" என்றான். வெள்ளிக்கிழமை போனில் வீட்டுக்காரர் சம்பளம் வந்துவிட்டது என்றார். "சூப்பர்! முழுசா சொல்லிட்டீங்களே, கை தட்டுங்க!" என்று சொல்லிவிட்டேன். "என்னைய எல்.கே.ஜி.ல சேத்துட்டியா, நசீரா?" என்றார்.

ஜூனில் ஷாஜியா ஸ்கூலுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நானும் குழாயும்தான். செவ்வாய்க்கிழமை திருவானைக்காவலிலிருந்து பஸ் பிடித்து வருகிற லிசி, பையை இறக்கி வைத்ததும், "சாப்பிட்டீங்களாக்கா?" என்பாள். அந்தக் கேள்வி உங்கள் திட்டத்தில் உண்டா என்று தெரியவில்லை. வேறு யாரும் கேட்பதில்லை. திட்டத்தில் இருந்தால், அதை மட்டுமாவது நிறுத்த வேண்டாம்.

தங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவானாக. பெரியவர்களுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
நசீரா

பி.கு.: எதை எழுதினாலும் குழந்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று லிசி சொல்லியிருக்கிறாள். இதையும் வாசித்தேன். ஆரம்பத்திலேயே ஷாஜியாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணுமே வரலையாம்மா?" என்றாள். "உனக்கு எல்லாம் வருதுடா தங்கம், அம்மாவுக்குத்தான்..." என்று பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்துவிடவும். குழந்தை ஸ்கூலுக்குத் தயார். லிசியை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் எதிர்வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு குழந்தை இருக்கிறது, இன்னும் பேச்சே வரவில்லை. இது சத்தியமான உண்மை, ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். லிசி அங்கே வருகிற நாள் செவ்வாய்க்கிழமையாக இருந்தால் நல்லது.